பாஸ்கு மட்டும் பொறுக்காத பூ

உயிர்த்த ஞாயிறான பாஸ்குக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் வந்துவிட்டால் மரியதாசனுக்குக் கால் நிலத்தில் நிற்காது. இயேசுவின் பாடுகளை இழுத்து இழுத்துப் பாடுகிற பசாமுக்கு, பனிநாட்டில் தமிழர் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வெள்ளிதோறும் வீடு வீடாக அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் குரலெடுத்தால் பெண்கள் விம்முவார்கள். அந்த விம்மலில் மனுசனுக்கு ஒரு தனி ருசி என்பது மனைவி செலீனுக்கு மட்டும் தெரியும்.

2005ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் செலீனுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. சீனி வியாதியான சலரோகம் இரண்டு கண்ணையும் தின்றுகொண்டு வந்தது. பார்வை கோடை வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம் என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கலிபோர்னியாவிலிருந்து தம்பி றெக்ஸ் போன் எடுத்தான்.

“அக்கா, இஞ்ச மாரி முழுக்கப் பேய்மழை. பாலைவனத்தில வெள்ளம் பாஞ்சு றோட்டையே அள்ளிக்கொண்டு போட்டுது. இப்ப பாத்தா மண் தெரியேல்லை, எல்லாம் பூ! வருசக்கணக்கா மண்ணுக்குள்ள கிடந்த விதையாம். சும்மா தூறலுக்கு அசையாதாம், தோல் ஊறிக் கழுவுப்பட வேணுமாம். வெக்கை வந்தா அவ்வளவும் கருகிப்போடும். அத்தானோட கெதியா வாங்கோ.”

செலீன் வாய் திறந்து எதையும் ஆசைப்பட்டுக் கேட்டவள் அல்ல. ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. இந்தக் கண்றாவியைத்தான் கடைசியாகப் பார்த்துவிட்டுக் குருடாக வேண்டுமா என்று நெஞ்சு பொருமியது.

“இஞ்சாருங்கோ, ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்.”

“தவக்காலத்தில உல்லாசப் பயணமோ? விசரே உமக்கு?” என்றார் மரியதாசன். “பசாம் ஆர் பாடுறது? சனம் என்ன கதைக்கும்? பாஸ்கு முடியட்டும், போவம்.”

“பூ பாஸ்கு மட்டும் பொறுக்குமோ?”

“ஆண்டவர் விரும்பினாப் பொறுக்கும்.”

எல்லாவற்றையும் ஆண்டவர் தலையில் போட்டுவிட்டால் புருசன்மாருக்கு எவ்வளவு வசதி! தனியாகப் போகலாமென்றால் விமான நிலையத்துப் பலகையை வாசிக்கக் கண் இல்லை. அவரோ போகிற வீட்டிலெல்லாம், மனைவி கேட்டும் தான் மறுத்த கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் றெக்ஸ் திரும்பவும் எடுத்தான். அனல் காற்று அடித்துப் பூவெல்லாம் சருகாகிவிட்டதாம். இனி வந்தாலும் பார்க்க ஒன்றுமில்லையாம்.

பாஸ்குப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் நின்றபோது வலன்ரைன் படக் கட்டோடு வந்தார். மரியதாசனுக்குப் பின்பாட்டுப் பாடுகிறவர் அவர். ஒரு வெள்ளிக்கிழமை, தடிமன், தொண்டை கட்டிப்போச்சு என்று சொல்லி வராமல் நின்றவர்.

“அண்ணை, நீங்கள் சொன்ன அந்தப் பூதான்! பிள்ளையளுக்கு லீவு, போயிட்டு வந்திட்டம். தவக்காலம்தான், என்ன செய்யிறது? வந்த கையோட கோயில் சுவாமியிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டன். சுவாமி சிரிச்சுப்போட்டு, பரிகாரமா மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், அவ்வளவுதான்.”

செலீன் படத்தை வாங்கிக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாள். மஞ்சளாக ஏதோ பரவிக் கிடந்தது. அதற்குமேல் ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டுப் படியில் மரியதாசன் அவளுடைய கையைப் பிடித்தார். “வாற வருசமும் மழை பெய்யும்தானே, செலீன்.”

அவள் கையை உதறிவிட்டுக் கம்பியைத் தடவிப் பிடித்தாள்.

“வலன்ரைன் பாவம் செய்தவர், மன்னிப்புக் கிடைச்சிட்டுது. நீங்கள் ஒரு பாவமும் செய்யேல்லையே. உங்களை ஆர் மன்னிக்கிறது?”