சிவப்புத் திருகு

பொய் சொல்லத் தெரியாதவன் கடை வைக்கக் கூடாது. இந்த மெக்கானிக் வைத்திருந்தான்.

கான்ட்ராக்டரின் காரில் ஏசி போட்டால் அனல் அடித்தது. மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, கேஜ் குழாய்களை மாட்டி முள்ளைப் பார்த்தான். குழாய் மாட்டும்போதே கேஸ் டப்பாவையும் சேர்த்து மாட்டிவிடுவது அவன் வழக்கம். கேஸ் குறைந்திருந்தால் நீலத் திருகைத் திறந்தால் போதும், வேலை முடிந்தது. "முதல்ல பாருங்க, அப்புறம் மாட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்த அவன் மனைவி பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றாள்.

"கேஸ் நிறையவே இருக்குண்ணே. முன்னாடி ஃபேன் சுத்தல. அதான் ஜில்லுனு வரல."

"போன தடவை கேஸ் போட்டதும் வந்துச்சே. போடுடா."

"இதுக்கு மேல ஏத்தக் கூடாதுண்ணே. ஏத்தினா..."

அதற்குள் பெரிய ஸ்பானர் அவன் வாயில் இறங்கியது. முன்பற்கள் தரையில் சிதறின. குனிந்தவனின் தாடையில் ஓர் உதை. எவனையாவது அடித்தால்தான் கான்ட்ராக்டருக்குச் சோறு இறங்கும், அப்படி ஒரு பிறவி. தடுக்க வந்தவளை முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"நானே போட்டுக்கிறேன். இதென்ன கம்பசூத்திரமா?"

டப்பாவை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையை, நீலத்துக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புத் திருகில் வைத்தான். இன்ஜின் ஓடும்போது அதைத் திறந்தால் உள்ளேயிருக்கும் அழுத்தமெல்லாம் டப்பாவுக்குள் பாயும், டப்பா வெடிக்கும். மெக்கானிக் சொல்லப் பார்த்தான். ரத்தம்தான் வந்தது. மனைவியைப் பார்த்துக் கையை ஆட்டினான். நீ சொல்லு என்கிறான்.

அவளுக்குப் புரிந்தது. செத்துத் தொலையட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். அடித்தவனுக்கு இரக்கப்பட அவளுக்கென்ன பைத்தியமா?

திருகு திரும்பியது. அடிபட்ட நாய்கூட விலகி ஓடும். இந்த மனுஷன் எழுந்து பாய்ந்து, டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

தகரக் கூரை அதிர்ந்தது. வெண்புகை ஜில்லென்று பரவி அடங்கியபோது கான்ட்ராக்டர் ஒரு கீறலும் இல்லாமல் தரையில் உட்கார்ந்து மலங்க மலங்க விழித்தான். மெக்கானிக்கின் நெஞ்சு பிளந்து கிடந்தது.

"வெடிக்கும்னு எனக்கு யாரும் சொல்லலையேம்மா," என்றான் கான்ட்ராக்டர்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. புருஷனின் தலையை மடியில் ஏந்தி, காதருகே குனிந்து, "எனக்குத் தெரியுங்க... எனக்குத் தெரியும்," என்றாள். அவன் கேட்கும் நிலையில் இல்லை.