யார் கையும் படாத கார்

"இதைச் செஞ்சது யாரு, கண்ணு?"

புரூயிட் என்ற அந்த மனிதர் என்னிடம்தான் கேட்டார். கென்டக்கி மாநிலத்திலிருந்து எங்கள் காரை வாங்க வந்திருந்தவர். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் என்னைக் கேட்டிருப்பார்.

அது சனிக்கிழமை மாலை. எங்கள் ஊரில் இரும்புச் சாமான் கடை மூடியதும் அதன் முன்னால் இருக்கும் காலி இடத்துக்குப் பழைய கார்கள் வந்துவிடும். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, காருக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பக்கத்துக் கடையில் தட்டை விடப் பெரிய பன்றி இறைச்சி வறுவலை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அதைத் தின்றுகொண்டே அடுத்தவன் காரில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் பொழுதுபோக்கு.

அப்பாவின் கார் 1961ஆம் வருஷத்துக் கார்வெட், இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார் மாதிரி. வெள்ளை நிறம், சிவப்பு இருக்கைகள். கூரையை மடக்கி முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓட்டலாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திய பிறகு அதைத் துடைப்பது என் வேலையாகிவிட்டது. அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. அந்தக் காரோ தரையை ஒட்டி இருக்கும். அதனால்தான் விற்க முடிவு செய்தார்.

"ஏய்யா வெர்லின், உன்ன உள்ள உக்கார வெக்க ஒரு ஆளு, வெளிய இழுக்க ரெண்டு ஆளு. வாங்கறவனுக்கு அந்த மூணு பேரையும் சேத்தா தரப்போற?" என்று அன்றைக்கும் ட்வைட் கேட்டார். கார்ச் சங்கப் போட்டியில் பரிசு ரிப்பன் கொடுப்பவர் அவர்தான்.

"அதுல நீ ஒருத்தன்னா எவனும் வாங்க மாட்டான்யா," என்றார் அப்பா.

முன் கண்ணாடியில் ஓர் அட்டை சாய்த்து வைத்திருந்தோம். 'விற்பனைக்கு. தொழிற்சாலையில் அடித்த அதே பெயிண்ட். யார் கையும் படாதது.' என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அப்பா என்னைத்தான் எழுதச் சொல்லியிருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் பழுதுபார்த்துப் புதிதாக்கிய காரைப் பார்த்தால் "பரவால்ல" என்பார்கள். யாரும் தொடாத காரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார்கள். வருஷா வருஷம் முதல் பரிசான நீல ரிப்பன் எங்கள் காருக்குத்தான்.

ஆனால் அது கை பட்ட கார்.

நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது, நவம்பர் மாதத்தில், சோளக் காட்டிலிருந்து ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. வலது பக்க முன் மட்கார்டு சில்லுச் சில்லாகப் போயிற்று. அம்மாவின் தம்பி ஹார்லன் மாமா எங்கள் கொட்டகையில் ஒரு ஹீட்டரை வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க அதைச் செய்தார். எங்கள் வீட்டுச் சூப்பில்கூட அந்த வருஷம் பெயிண்ட் வாசனை அடித்தது.

"எவன்கிட்டயும் மூச்சு விடக் கூடாது," என்றார் அப்பா.

"நான் எதுக்கு மச்சான் சொல்லப்போறேன்?" என்றார் மாமா.

அடுத்த வசந்தத்தில் மாமா சொந்தமாகப் பட்டறை திறந்தார். கார்ச் சங்கத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். "இதுக்கு முன்ன எந்த வண்டி செஞ்சிருக்க? ஒண்ணு காட்டு பாப்போம்," என்று கேட்டார்கள். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் தங்கள் கார்களை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். மாமாவுக்குப் பள்ளிக்கூட பஸ்களும் நசுங்கிய பால் லாரிகளும்தான் வந்தன. கொஞ்ச வருஷத்தில் பட்டறையை மூடிவிட்டார். இப்போது அவருக்குக் கைநடுக்கம். காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். ஆனாலும் எல்லாச் சனிக்கிழமையும் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வார். "கை படாத வண்டி" என்று அப்பா பெருமையடிக்கும்போது கூடவே தலையாட்டுவார்.

அன்றைக்கு வந்ததும் புரூயிட் முதலில் ஒரு அட்டையை விரித்துக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து இடது மட்கார்டின் மேல் கன்னத்தை ஒட்டுவதுபோல் குனிந்தார். இந்தக் கார்களின் உடம்பு இரும்பு இல்லை, கண்ணாடி இழை. துண்டு துண்டாகச் செய்து ஒட்டுவார்கள். காலப்போக்கில் ஒட்டிய இடம் பெயிண்ட்டுக்கு மேலே மயிரிழை போலத் தெரியும். இடது பக்கம் அந்தக் கோடு இருந்தது. புரூயிட் வலது பக்கம் போனார். விரலால் தடவினார். திரும்பத் தடவினார். அங்கே கோடே இல்லை.

"இந்தப் பக்கம் ரொம்ப நல்லா இருக்கு," என்றார். "அதான் இடிக்குது. தொழிற்சாலைல எவனும் இவ்வளவு பொறுமையா தேய்க்க மாட்டான்."

"அந்தப் பக்கம் வெயில் படாது," என்றார் அப்பா.

"என்ன சார் பேசறீங்க, பத்து வருஷமா நான் பாக்கற வண்டி இது," என்றார் ட்வைட். "ரிப்பன் குத்தினவனே நான்தான்."

"கோவிச்சுக்காதீங்க. எப்படி இருந்தாலும் வாங்கத்தான் போறேன். வெலைய மட்டும் கொஞ்சம் பாத்துக்கலாம்." புரூயிட் மட்கார்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "வீட்டுல இன்னும் மூணு வண்டி ஒடஞ்சு கெடக்கு. ஒருத்தனும் சரியா செய்யல. எனக்கு இந்தக் கைதான் வேணும்."

அப்போதுதான் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

நான் அட்டையைப் பார்த்தேன். 'யார் கையும் படாதது' என்ற எழுத்துகள் அழகாக, வரிசையாக நின்றன.

"ஹார்லன் மாமா," என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா காப்பிக் கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே இறக்கினார்.

"நானா? பஸ்சுக்கு மஞ்ச பெயிண்ட் அடிக்கறவன் சார் நான். அது பள்ளிக்கூடத்த விட்டுட்டு வீட்டுல ஒக்காந்திருக்கற புள்ள. பகல்லயே கனவு காணும்."

சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்பா எழுந்தார். அந்தக் கதவில் கை வைக்க யாரையும் விடாதவர்.

"அவன்தான்," என்றார். "பொண்ணு சொன்னது நெசம். மான் மேல விட்டுட்டேன். குளிர்காலம் பூரா அவன்தான் ஒக்காந்து செஞ்சான். நான்தான் வாய மூட வெச்சேன்."

ட்வைட்டின் வாயில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"பட்டறை தெறந்தப்ப, ஒரு வேலை காட்டுய்யான்னு இவன்கிட்ட நானே கேட்டேன். நீயும் பக்கத்துலதான் நின்ன."

"நின்னேன்."

"ஏன்யா சொல்லல?"

"ரிப்பன் போயிடும்னுதான்."

எங்கோ ஒரு காரில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதை யாரோ அணைத்தார்கள்.

புரூயிட்டுக்கு மட்டும் முகம் மலர்ந்திருந்தது. மாமாவுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். "ஐயா, நான் இத்தனை வருஷமா தேடுன கை இது. மூணு வண்டியும் எப்ப கொண்டுவரட்டும்? நீங்க சொல்ற தேதி."

மாமா அந்தக் கையைப் பார்த்தார். குலுக்க வேண்டுமானால் கோப்பையிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். எடுத்தார். கோப்பை ஆடி, காப்பி அவர் காற்சட்டையில் கொட்டியது. புரூயிட்டின் பிடிக்குள்ளும் அவர் கை நிற்கவில்லை, நடுங்கிக்கொண்டே இருந்தது. புரூயிட் மெல்ல விட்டுவிட்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காரைப் பார்த்தார்.

அப்பா மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாச் சனிக்கிழமையும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் பார்த்தார் போலிருக்கிறது.

"ஹார்லன்," என்றார். "இவ்வளவு நாள் கழிச்சு, நான் இதை..."

மாமா கோப்பையைத் தரையில் வைத்தார். காற்சட்டையைத் துடைத்தார். நாற்காலியை மடக்கப் பார்த்தார், கொக்கி விழவில்லை. நான் உதவப் போனேன். மாமா தோளை லேசாகத் திருப்பிக்கொண்டார். நான் நின்றுவிட்டேன். கடைசியில் கொக்கி விழுந்தது. நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகளைக் காற்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, தூக்கிய பானெட்டுகளுக்கு நடுவே நடந்தார். வெள்ளைக் காரைத் தாண்டும்போது அதன் பக்கம் திரும்பவில்லை.

"ஹார்லன்! நில்லுடா!"

அப்பா காரைப் பிடித்துப் பிடித்து வலது மட்கார்டு வரை வந்தார். அதற்குமேல் முழங்கால் வரவில்லை. மாமா நாற்காலியைத் தன் பழைய டிரக்கின் பின்னால் போட்டார். ஏறினார். டிரக் காலி இடத்தைச் சுற்றிக்கொண்டு சாலையில் ஏறி, சோளக் காட்டுப் பக்கம் திரும்பியது.