சாவி எந்த ஊர் வார்த்தை

வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் அங்கிள் கொண்டுவந்த மாற்றுச் சாவி துளைக்குள் பாதிதான் போனது. உள்பக்கம் இன்னொரு சாவி மாட்டியிருந்தது. இரண்டு மூன்று முறை குத்திப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கையை எடுத்துக்கொண்டார். பெங்களூர் ஜீவனஹள்ளியில் அவர் தாத்தா கட்டிய வீடு. பலாமரக் கதவு. இந்தக் காலத்துக் கதவாக இருந்தால் நாலு உதையில் போயிருக்கும்.

உள்ளே இருப்பது என் கணவர் ரங்கநாதன். காலையில் ஒரு போன் வந்தது. பேசினார், வைத்தார். "நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிடு அஞ்சலை. நான் இனிமே எதுக்கும் ஆவமாட்டேன்" என்று, குடிக்கத் தண்ணீர் கேட்பது மாதிரி சொல்லிவிட்டு, அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். போன மாதமும் ஒருநாள் சாப்பிடும்போது, தான் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது.

அவருடைய வேலையே வார்த்தைதான். கம்பெனிகள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றிக் கொடுப்பார். இப்போது அதை மெஷினே செய்துவிடுகிறதாம். இன்று வந்த போன், கடைசியாக மிச்சமிருந்த கம்பெனியும் கைவிரித்த போன். வேலை போனாலும் வார்த்தைப் பைத்தியம் போகவில்லை. நான் எண்ணெய் காயவைத்துக்கொண்டு நிற்கும்போது வந்து, அலமாரி என்ற வார்த்தை கப்பலேறி வந்த கதையைச் சொல்வார். ஒரு வார்த்தையின் பிறப்பை யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் போச்சு. கல்யாணப் பந்தியில் சாம்பார்க் கையோடு எழுந்து போய்த் திருத்திய மனிதர் அவர்.

காக்ஸ்டவுன் மார்க்கெட்டிலிருந்து கூட்டிவந்த சாவிக்காரர் குனிந்து பார்த்தார். "அந்தப் பக்கம் சாபி மாட்டினு கீது அக்கா. உடச்சாதான் ஆவும்" என்று சுத்தியலை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பலாக்கதவு ஓர் அடியில் உடையாது. முதல் அடி கேட்டதுமே உள்ளே இருப்பவர் அவசரப்பட்டுவிட்டால்? எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி தீயணைப்புக்குப் போன் செய்திருந்தாள். வண்டி எந்த சிக்னலில் நிற்கிறதோ.

கத்தியாயிற்று, அழுதாயிற்று, செத்துப்போன என் மாமியார் பேரில் ஆணையிட்டாயிற்று. கதவு திறக்கவில்லை. அப்போது என் வாய் தானாகக் கேட்டது.

"ஏங்க, சாவின்ற வார்த்தை சாவுல இருந்துதானே வந்துச்சு?"

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"இல்ல." அவர் குரல்தான். "போர்ச்சுகீசு. சாவே. கப்பல்ல வந்தது."

உயிரோடு இருக்கிறார். பேசுகிறார். விடக்கூடாது.

"பொய். கன்னடத்துல சாவிய பீகத கைன்றாங்களே, அவங்க ஊருக்கு மட்டும் கப்பல் வரலியா?"

"வந்துச்சு. அவங்க அந்த வார்த்தைய எடுத்துக்கல. பூட்டுக்குக் கை வச்சி, சொந்தமா ஒண்ணு பண்ணிக்கிட்டாங்க."

"அப்போ சாபிதான் அசலு. இந்திக்காரங்க கிட்டருந்து நாம வாங்கிக்கிட்டோம்."

"அதுவும் அதே கப்பல்தான், அஞ்சலை."

என் பேரைச் சொன்னார். அனந்தலக்ஷ்மிக்குப் புரிந்துவிட்டது. கதவைத் தொட்டுக்கொண்டு, "அண்ணா, எங்க தெலுங்குல சாவிக்குத் தாளம் செவி. செவின்னா காது. பூட்டுக்குக் காதுன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

உள்ளிருந்து, "காது இல்ல, அதுவும் சாவேதான்னு ஒரு கட்சி. நிச்சயமாத் தெரியாது" என்று வந்தது. குரல் மெலிந்திருந்தது.

"எங்க கொங்கணியிலயும் சாவிதான், ரங்கா. போர்ச்சுகீஸ்தான்" என்றார் ஓஸ்வால்ட் அங்கிள். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. சரியாகச் சொன்னால் என் கணவர் எதற்கு வாயைத் திறக்கப்போகிறார்?

கைவசம் தப்புகள் தீர்ந்துவிட்டன. மிச்சமிருந்தது நான் பிறந்த ஊர் வார்த்தை ஒன்றுதான்.

"எங்க போளூர் பக்கம் கதிர் பால் பிடிக்காம வெத்தாப் போச்சுன்னா, பயிர் சாவியாப் போச்சும்பாங்க. அந்தச் சாவி எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது எந்தக் கப்பலிலும் வரவில்லை. சாவிலிருந்துதான் வந்தது. ஒன்றும் படிக்காத எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா? வெறும் கதிரையும் சாவையும் முடிச்சுப் போட்டு நானே அவர் கையில் கொடுத்துவிட்டேன். பாவி, பாவி என்று நெற்றியைக் கதவில் மோதிக்கொண்டேன்.

உள்ளே கால் சத்தம் கேட்டது.

"இத நான் கேள்விப்பட்டதே இல்லியே." பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், வயலை ரயில் ஜன்னலில் பார்த்தவர். குரல் இப்போது கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. "சாவியாப் போச்சுன்னா மொத்த வயலுமா போயிடும்? இல்ல, கொஞ்சமாச்சும் தேறுமா?"

பதில் எனக்குத் தெரியும். என் அப்பா அப்படிப்பட்ட வயலில் இறங்கி அறுத்ததைப் பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டால் இவர் கட்டிலுக்கே திரும்பிப் போய்விடுவார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மூச்சு விட்டேன்.

"கதவத் தெறங்க. சொல்றேன்."

கதவுக்கடியில் இருந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது. சாவிக்காரர் சுத்தியலைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். நிழல்களில் ஒன்று பின்னால் நகர்ந்தது. நான் கன்னத்தைத் தரையோடு வைத்துப் படுத்து, நகராமல் நின்ற மற்றொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.