உள்ளே போன துணி

மெக்கானிக்கின் பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கும்: ‘உள்ளே போன துணி எத்தனை? வெளியே வந்த துணி எத்தனை?’ எஞ்சினைத் திறந்து வைத்திருக்கும்போது, தூசியும் ஆணியும் விழாமல் இருக்க, தண்ணீர் ஓடும் துவாரங்களைத் துணியால் அடைப்பது வழக்கம். மூடும் முன் எண்ணி எடுத்துவிட வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதை அவர் விளக்கும் தோரணையைப் பார்த்தால் நாட்டுக்கே சட்டம் எழுதிக் கொடுத்தவர் என்று தோன்றும். மற்ற பட்டறைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், கை தானாகச் சுவர்ப் பக்கம் நீளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சுவருக்கு எதிரே மச்சானின் கார் வந்து நின்றது. வந்தது என்று சொல்லக் கூடாது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தையல்காரர். கார் அவருடைய அப்பா ஆசை ஆசையாக வைத்திருந்தது. பாசிப்பச்சை நிறம், உருண்ட முதுகு, அறுபது வயது. மாமனார் காலமானதும் மகனுக்குப் போயிற்று. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. இருந்தாலும் மெக்கானிக்குக்கு அன்று பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. ஊசி பிடிக்கிற கைக்கு ஸ்டியரிங் எதற்கு என்று மனைவியிடம் ஜாடைமாடையாகப் பலமுறை கேட்டிருக்கிறார். “எங்க அண்ணன்கிட்டயே கேளுங்களேன்” என்று அவள் முடித்துவிடுவாள்.

“என்ன ஆச்சு மச்சான்?”

“மேட்டுல ஏறிக்கிட்டிருந்தேன் மாப்ள. திடீர்னு சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. முன்னாடி ஒரே ஆவி. பயந்துபோய் நிறுத்திட்டேன்.”

“நிறுத்திட்டு?”

“தண்ணி ஊத்தினேன்.”

“உடனேயா? பச்சைத் தண்ணியா?”

“கொதிக்குதே, பாவம்னு...” தையல்காரர் இழுத்தார்.

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு அது துக்கமாகத் தெரிந்திருக்கும். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினார். கறுப்பாக வர வேண்டிய எண்ணெய், பால் கலந்த மாதிரி வெளுத்து நுரைத்திருந்தது. தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது.

“பிளாக் போச்சு மச்சான். கொதிக்கிற இரும்புல பச்சைத் தண்ணிய ஊத்தினா வெடிக்காம என்ன செய்யும்? மாமா கையில இருந்தவரைக்கும் ஒண்ணும் ஆகல.”

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. ஆனால் எத்தனையோ வருடங்களாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது, வழி கிடைத்ததும் வந்துவிட்டது. தையல்காரர் முகம் சுண்டிப்போயிற்று.

வியாழக்கிழமைக்குள் எஞ்சின் வெளியே வந்து, பாகம் பாகமாகப் பிரிந்து, சிலிண்டர்களைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கட்டையான வெறும் பிளாக் மட்டும் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் அதைத் தேய்த்துக் கழுவி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினார். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து பொடியை நனைக்கும். சற்று நேரத்தில் நாலாவது சிலிண்டருக்குப் பக்கத்தில், தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவிலுள்ள சுவரில், விரல் நீளத்துக்கு ஈரக்கோடு ஒன்று எழும்பியது.

நாலாவது சிலிண்டர் எஞ்சினின் கடைக்கோடி. தண்ணீர் ஊற்றியதோ முன்னால். முன்னால் ஊற்றியதற்குப் பின்னால் ஏன் வெடித்தது என்று ஒரு சின்ன சந்தேகம் அவருக்குள் எழுந்து நின்றது. அதை அதட்டி உட்கார வைத்தார். தீர்ப்பு சொல்லியாகிவிட்டதே!

தையல்காரர் வந்து கோட்டைக் குனிந்து பார்த்தார்.

“இதுக்கு என்ன வழி?”

“தையல்தான் போடணும்.”

தையல்காரர் நிமிர்ந்தார். “தப்பு பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். அதுக்காக என் தொழிலக் கிண்டல் பண்ணணுமா மாப்ள?”

“ஐயோ, கிண்டல் இல்ல மச்சான்! இதுக்குப் பேரே அதுதான். வார்ப்பிரும்பு, வெல்டிங் பண்ணிப் பத்த வச்சா பக்கத்துல இன்னொரு எடத்துல வெடிக்கும். அதனால விரிசல் மேல வரிசையா ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஆணி முடுக்குவாங்க. ஒரு ஆணி பாதி, அடுத்த ஆணி பாதி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரும்.”

தையல்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப அது கெட்டித் தையல்” என்று ஒப்புக்கொண்டார். “ரெண்டு ஓரத்துலயும் விரிசலத் தாண்டி ஒண்ணு கூடுதலாப் போடுங்க. இல்லன்னா அங்கேருந்து கிழியும்.”

அது ரொம்பச் சரியான யோசனை. மெக்கானிக்குக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் தையல் ஆரம்பிக்கும் முன், தண்ணீர் ஓடும் அறையைச் சுத்தம் செய்ய, பிளாக்கின் பக்கத்திலிருந்த வட்டத் தகடுகளை அவர் நெம்பி எடுத்தார். கம்பியை விட்டுத் துழாவியபோது, நாலாவது சிலிண்டருக்குப் பின்னால் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. கொக்கி போட்டு இழுத்தார். துருச்சேற்றோடு சுருண்டு வந்தது ஒரு துணி.

தண்ணீரில் அலசினார். ஊதாக் கட்டம். கூடவே ஒரு சட்டைப்பை.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று வருடங்களுக்கு முன் இந்த எஞ்சினைத் திறந்து மூடியவர் அவர்தான். வேறு ஒரு கையும் பட்டதில்லை. அந்த ஊதாக் கட்டச் சட்டை மச்சான் அளவெடுத்து, ஆசையாகத் தைத்துக் கொடுத்தது. கட்டம் பிடிக்கவில்லை என்று அதைக் கிழித்து எண்ணெய் துடைக்கப் போட்டவரும் அவர்தான். மனைவியிடம், துவைத்ததில் சுருங்கிப்போயிற்று, யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றார். மச்சானிடம் நல்ல நாளுக்குப் போட எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

மூன்று வருடமாக அந்தத் துணி தண்ணீரை மறித்துக்கொண்டு, நாலாவது சிலிண்டரை வேகவைத்திருக்கிறது. மச்சான் ஊற்றிய தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது. சுவரில் இருந்த சிவப்பு எழுத்துகள் அவரையே பார்த்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. துணியைப் பிழிந்து கால்சட்டைப் பைக்குள் திணித்தார். தையல் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்கே ஒரு வாய்தா கொடுத்துக்கொண்டார்.

தையல் இரண்டு நாள் பிடித்தது. ஓரங்களில் மச்சான் சொன்னபடியே ஒவ்வொரு ஆணி கூடுதலாகப் போட்டார். கடைசி ஆணியை அராவிக்கொண்டிருந்தபோது தையல்காரர் வந்தார். பின்னாலேயே டீ பிளாஸ்க்கோடு மனைவியும் வந்தாள்.

தையல்காரர் பிளாக்கைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மாப்ள, நாலு நாளா நல்லா யோசிச்சுட்டேன். அப்பா வச்சிருந்தத நான் ஒழிச்சுக் கட்டிட்டேன். கார் இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும். அதுக்கு அருமை தெரிஞ்சவர் நீங்கதான்.” சாவியை மெக்கானிக் பக்கம் தள்ளினார். “நான் சும்மா ஊசியப் பிடிக்கத்தான் லாயக்கு.”

இத்தனை வருடம் கேட்க வேண்டும் என்று ஏங்கிய வார்த்தைகள் அப்படியே மச்சான் வாயிலிருந்து வந்துவிட்டன. மெக்கானிக்குக்கு நெற்றி வியர்த்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். “அதெல்லாம் வேணாம்” என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் வெளியே வந்தது வேறு.

“விடுங்க மச்சான். தெரியாம செஞ்சதுதானே. யாருக்கும் வர்ற தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க.”

பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைக்கப் பைக்குள் கைவிட்டுத் துணியை எடுத்தார். நன்றாகத் துடைத்தும் கொண்டார்.

முதலில் பார்த்தவள் மனைவி. “ஏங்க, இந்தச் சட்ட சுருங்கிப்போச்சு, யாருக்கோ குடுத்துட்டேன்னீங்க?”

“என்கிட்ட நல்ல நாளுக்கு வச்சிருக்கேன்னு சொன்னாரே!” என்றார் தையல்காரர்.

அவர் கையை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டார். மெக்கானிக்குக்குத் தடுக்கத் தோன்றவில்லை. துணி முழுக்கத் துரு. தையல்காரர் அதை முகர்ந்தார். பிளாக்கின் பக்கவாட்டில் திறந்திருந்த வட்ட ஓட்டையைப் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த ஊதா நூல் ஒன்றை இரண்டு விரலால் எடுத்துத் துணியோடு ஒத்துப் பார்த்தார். ஒரே நூல். பிறகு தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த எழுத்துகளை, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைப் போல, நிதானமாகப் படித்தார்.

மனைவி பிளாஸ்க்கை மேசைமேல் வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் மெக்கானிக் பிழைத்துக்கொண்டிருப்பார். தையல்காரரோ துணியைப் புரட்டி, சட்டைப்பையின் மூலையில் தான் போட்டிருந்த முக்கோணத் தையலைக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்துப் பார்த்தார்.

“மூணு வருஷம் வெந்நீர்ல கெடந்திருக்கு. ஒரு இழை பிரியல பாருங்க.”

துணியை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் மேசைமேல் இருந்த சாவியையும் எடுத்து அதோடு போட்டுக்கொண்டார்.

“உங்க தையல் எத்தன வருஷம் தாங்கும் மாப்ள?”

“தாங்கும் மச்சான்” என்றார் மெக்கானிக், சுவர்ப் பக்கம் பார்க்காமல்.