அவசரப்பட்டு உடைத்த தேங்காய்

மஸ்கெலியாப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்து மண்ணு மழை விழுந்தா கஞ்சியாயிரும். போன மண்சரிவுல நாங்க வரிசை வீடுகளாக் குடியிருந்த லயத்துல பாதி போயிருச்சு. வீடு கட்ட ஒரு துண்டு காணி குடுத்தாங்க. ஆனா கீழ கெட்டிப் பாறை இருந்தாத்தான் கட்டலாமாம்.

துளை போடுற மெஷினைக் கழட்டி, ஆளுக தோள்ல சுமந்துதான் படி ஏத்துனாங்க. துளை ஒரு சாண் அகலங்கூட இல்ல. "இதுவா சேர் வீட்டைத் தாங்கப் போகுது?"ன்னு இஞ்சினியர் துஷாந்த்கிட்ட மொகத்துக்கு நேராவே கேட்டேன். பாறைக்குள்ள வரைக்கும் துளைச்சு, இரும்புக் கம்பி விட்டு, சீமெந்து ஊத்துவாங்களாம். அவங்ககிட்ட இருந்தது துளைக்கிற இரும்புத் தண்டு பத்து, ஒண்ணு அஞ்சடி நீளம். அதுக்குள்ள பாறை வரலேன்னா காணி எங்களுக்கு இல்ல.

மூணாவது தண்டுல டங்குன்னு கல்லு. எங்க வீட்டுக்காரரு அழகுமுத்து சூடம் கொளுத்தி, தேங்காயையே ஒடைச்சுட்டாரு.

"கல்லு கெடைச்சாச்சு, நிப்பாட்டுங்க சேர்"ன்னேன் நான்.

"இருங்க காளியாயிம்மா, இன்னும் போகணும்."

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கெடைச்ச கல்லை எதுக்கு நோண்டணும்?

நாலடி போயிருக்கும். தண்டு சடார்னு எறங்கி, செவப்புச் சேறு வந்துச்சு. எந்தக் காலத்துலயோ மேல இருந்து உருண்டு வந்து பொதைஞ்ச கல்லுக்குத்தான் தேங்காய் ஒடைச்சிருக்கோம்.

அஞ்சு, ஆறு, ஏழு. எல்லாம் சேறு. எட்டாவது முடியறப்போ மறுபடி கல்லு. இப்ப யாரும் சூடத்தைத் தொடல. ஒம்பதாவது தண்டு அரைச்சு அரைச்சு எறங்குச்சு. பத்தாவதும் முழுசாப் போச்சு. வந்ததெல்லாம் சாம்பல் பொடி, ஒரு பொட்டுச் சேறு இல்ல.

"இதுதாம்மா மலை"ன்னாரு துஷாந்த்.

பொடியை அள்ளுனேன், சூடா இருந்துச்சு. வெயிலே பாக்காத கல்லு. முப்பது வருசமா இந்த மலையில கொழுந்து பறிக்கிறேன், இதுக்கு இப்படி ஒரு அடி இருக்குன்னு நெனைச்சதே இல்ல.

கம்பியை விட்டு சீமெந்து ஊத்துனாங்க. எங்கப்பா காலத்துல இருந்து மூணு தடவ எங்களை லயம் மாத்திக் கெளப்பியிருக்காங்க.

"சேர், இதை இனிமே யாராச்சும் புடுங்க முடியுமா?"

"முடியாதும்மா."

நான் திரும்பவும் கேட்டேன். அவரும் திரும்பவும் சொன்னாரு.