செல்லக்கனி கொடுத்த உப்பு

“ஏட்டி கௌசரு, உப்பு வச்சியா?” என்று கேட்டுக்கொண்டே கீழ்வீட்டு மளிகைக்கடை செல்லக்கனி மொட்டை மாடிக்கு ஏறிவந்தபோது, நான் தக்காளிச் செடிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். காசிமேட்டில் கழித்துப்போட்ட மீன் பெட்டிகளில்தான் என் தோட்டம். போன மாதம் கறிக்கடையிலிருந்து ஈரம் காயாத ஆட்டுச் சாணத்தை அள்ளிவந்து தூரிலேயே கொட்டிவைத்தேன். இரண்டு செடி கருகிப்போயின. மக்காத எரு சூடு, காயிலும் கிருமி ஏறும் என்று செல்லக்கனி அன்றைக்குத் திட்டின திட்டு ராயபுரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

“எந்த உப்பு?” என்றேன்.

“காலைல ஒங்க வீட்டு பாய்ட்ட குடுத்தேம்லா. எங்கண்ணன் ஊர்லேர்ந்து கொண்டாந்த யூரியா. தூர்ல படாம தள்ளி, ஒரு சிட்டிகை வச்சாப் போதும்.”

“யூரியாவா? உப்புன்னா சொல்லிக் குடுத்தே?”

“எங்க ஊர்ல அத உப்புன்னுதானட்டி சொல்லுவோம்.”

மளிகைக்கடைக்காரி உப்பு என்று ஒரு கவரை நீட்டினால், செடிக்கா சோற்றுக்கா என்று என் வீட்டு மனுஷன் கேட்பாரா? ரஷீதுக்கு பிரஷர். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து நான் கறாராகத்தான் சமைக்கிறேன். அவர் திருட்டுத்தனமாக ஒரு பொட்டலம் உப்பு மடித்து, சாப்பாட்டு டப்பாவோடு சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்குக் கொண்டுபோகிறார். எனக்குத் தெரியாதென்று நினைப்பு. கண்ணாடி போடச் சொன்னால் அதற்கும் வீம்பு.

ஓடினேன். சமையலறையில் கவர் அவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். பக்கத்தில் மூலை கிழிந்த செய்தித்தாள்.

போன் அடித்தேன், அடித்தேன், எடுக்கவில்லை. லாரியில் தகடு ஏற்றுகிற இடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பின்னாலேயே வந்த செல்லக்கனி, “அது வயித்துக்குள்ள போகக் கூடாதுட்டி. எங்க ஊர்ல ஒரு மாடு…” என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

யா அல்லா, இன்றைக்கு மட்டும் அந்த மனுஷனுக்குப் பசிக்காமல் இருக்கட்டும். பர்தாவை உள்புறம் வெளியாக மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினேன். அப்போது போன் வந்தது. அவர்தான்.

“இன்னா கௌசரு, இத்தினி தபா அடிச்சிகினு கீறே? இன்னா பேஜாரு?”

வாயில் சோறு இருந்தது.

“சாப்டாதீங்க. துப்புங்க. அந்தப் பொட்டலத்தத் தொடாதீங்க.”

அந்தப் பக்கம் தகடு ஒன்று விழுந்து அதிர்ந்தது. நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“இன்னிக்கி கொயம்புல உப்பே இல்ல,” என்றார். “நானும் போட்டுகினே கீறேன், ஏறவே மாட்டேங்குது.”

போனைக் காதோடு அழுத்தினேன். மறுபடியும் காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது.