வீரம்மா கைப் போணி

தஞ்சோங் ரம்புத்தான் போகும் சாலையில், ரப்பர்த் தோட்டத்து வாசலுக்கு எதிரே சன்னாசியின் கடை இருந்தது. கடை என்று சொன்னால் கடையே கோபித்துக்கொள்ளும். நாலு கம்பு, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, நடுவே ஒரு பலகை. பலகைமேல் வெற்றிலை, பாக்கு, புகையிலை, கொஞ்சம் கருவாடு. அவ்வளவுதான். ஆனாலும் விடிகிற நேரத்தில் லயத்துச் சனம், தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற கூலிச் சனம், வாசலைத் தாண்டி வந்து, வேண்டியதை வாங்கிக்கொண்டுதான் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுகிற வரிசைக்கு, ஓடும்.

முதல் வியாபாரம் வீரம்மாவுடையது. மேட்டு நிரையில், அதாவது மேட்டிலிருக்கிற ரப்பர் மர வரிசையில், பால் வெட்டுகிறவள். அவள் கை ராசியான கை என்பதில் சன்னாசிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. வேறு யார் முந்திக்கொண்டு வந்தாலும், "செத்த இரு, போணி ஆவட்டும்" என்று நிறுத்திவைப்பான். அவள் வந்து காசை நீட்டி, "அண்ணே, ரெண்டு வெத்தலை" என்பாள். அவன் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முட்டி வலி எப்படி இருக்கு?" என்பான். "இருக்கு, அது எங்க போவப் போவுது?" என்பாள். சன்னாசி கப்பலேறி மலாயாவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அவனிடம் ஒருவர் நின்று பேசுகிற பேச்சு, நாளில் அது ஒன்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சாம் வருஷம் தோட்டத்துக் கும்பினி லயத்துக்குள்ளேயே கடை போட்டது. தகரக் கூரை, பெரிய தராசு, அரிசி மூட்டை அடுக்கடுக்காக. போடட்டும், யார் வேண்டாம் என்றது? அதோடு விட்டார்களா? வெளிச் சாமான் எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு வேறு. காவல்காரன் ஜாகா வாசலில் நின்று மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்துப் பார்த்தான். ஒரே மாதத்தில் சனம் நின்றுபோயிற்று.

வீரம்மா மட்டும் வந்தாள். வெற்றிலையை அங்கேயே மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "வாயில இருக்குறத ஜாகா என்னா செய்வான் லா?" என்று சிரித்தாள். போணி ஆகும், அதற்குமேல் வியாபாரம் ஆகாது. சன்னாசிக்கு அதுவே போதுமென்று இருந்தது.

ஒருநாள் அவள் வரவில்லை. பெரட்டு மணி அடித்து ஓய்ந்தது. சாலையோடு போன மாட்டுவண்டிக்காரன் இறங்கிவந்து புகையிலை கேட்டான். "போணி ஆவல, அப்புறம் வா" என்றான் சன்னாசி. அவன் ஏசிவிட்டுப் போனான். அத்தி பூத்தாற்போல் வந்த ஒரே ஆளையும் துரத்திவிட்டு உட்கார்ந்திருந்த மடையனை என்னவென்று சொல்ல!

வெயில் சாயும்போது வீரம்மா வந்தாள். பலகையை விட்டுத் தள்ளியே நின்றாள்.

"கும்பினிக் கடையில கணக்கெழுதுற கிராணி கூப்புட்டு உட்டாருண்ணே. தெனம் அவுரு கடையில நாந்தான் போணி செய்யணுமாம். செஞ்சா, என் நெரைய மேட்டுலேருந்து பள்ளத்துக்கு மாத்திக் குடுக்க வைப்பாராம். மேடு ஏற வேணாம்."

ஆயிரம் ஏக்கர் இருக்கிறது, வாசலை அடைத்துப் பிடித்துவைத்த சனம் இருக்கிறது, இவளுடைய கைராசியும் வேண்டுமா? அடப் பாவிகளா! ஆனால் சன்னாசியின் கண் அவள் முட்டியில் போய் நின்றது. தூக்கிச் செருகிய சேலைக்குக் கீழே பழந்துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"நல்லதுதானே. போ" என்றான்.

"ஒங்களுக்கு இன்னிக்குப் போணி ஆச்சாண்ணே?"

"ஓ, காலையிலயே. வண்டிக்காரன் ஒருத்தன் வந்தான். அவனுக்கும் நல்ல கைதான்."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப சரி. வாரேண்ணே."

மறுநாள் விடியலில் சன்னாசி வாசலில் தண்ணீர் தெளித்து, வெற்றிலையைத் துடைத்து அடுக்கினான். பெரட்டு மணி அடித்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. மடியிலிருந்து ஒரு காசை எடுத்தான். பலகையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, வீரம்மா நிற்கிற இடத்தில் நின்றான். காசைப் பலகைமேல் வைத்தான்.

"அண்ணே, ரெண்டு வெத்தலை."

எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அவனே எடுத்துக்கொண்டான்.